கல்லாய் உறைந்த திராட்சைச் சாறு

கேள்வி: கிறிஸ்துமஸ் மாலையில் எங்கள் வீட்டில் 40 பேர் கூடுவோம். ஒயின், ரம் எதுவும் கூடாது என்பது மாமியார் உத்தரவு. போன வருடம் ஸ்லஷ், அதாவது பாதி உறைந்து கூழாக நிற்கும் பனி ஜூஸ், செய்யலாம் என்று கடையில் வாங்கிய திராட்சை ஜூஸில் தண்ணீர் கலந்து ஃப்ரீசரில் வைத்தேன். கல்லாக உறைந்து, கடைசியில் மிக்ஸி பிளேடும் போனது. கொஞ்சம் ரம் ஊற்றினால்தான் பூப்பூவாக நிற்கும் என்கிறார் கொழுந்தன். கேட்டரிங்காரரோ ஸ்லஷ் மெஷின், சிரப், டம்ளரில் புகை எல்லாம் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். மாமனாருக்குச் சர்க்கரை நோய் என்றதும் சுகர் ஃப்ரீ சிரப்பும் இருக்கிறது என்றார். என்ன செய்யட்டும்? – தூத்துக்குடி வாசகி

பதில்: கொழுந்தன் சொன்னது பாதி சரி. வீட்டு ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரியில் தண்ணீர் உறையும், சாராயம் உறையாது. அதனால் ரம் கலந்தது கூழாக நிற்கும். ஆனால் அதே வேலையைச் சர்க்கரையும் செய்யும். நீங்கள் தலைகீழாகச் செய்துவிட்டீர்கள். ஜூஸில் இருந்த சர்க்கரையையும் தண்ணீர் ஊற்றிக் குறைத்தீர்கள். பிளேடு என்ன செய்யும், பாவம்.

ஸ்லஷ் மெஷினில் போடும் கலவையில் நூற்றுக்குப் பதின்மூன்று, பதினைந்து பங்கு சர்க்கரை இருந்தால் போதும். அது விடாமல் கிண்டிக்கொண்டே இருப்பதால் பனி கட்டிதட்டாது. வீட்டில் நடுராத்திரியில் எழுந்து யார் கிண்டுவது? அதனால் கலவையை இரண்டு மடங்கு கெட்டியாகச் செய்து உறையவைத்து, குடிக்கும்போது டம்ளரில் சோடா ஊற்றி இளக்கிவிடுவோம்.

40 பேருக்கு ஆளுக்கு 150 மில்லி என்றால் ஆறு லிட்டர் வேண்டும். மூன்று லிட்டர் கலவை, மூன்று லிட்டர் சோடா. மூன்று கிலோ கம்பம் பன்னீர் திராட்சை வாங்குங்கள், டிசம்பரிலும் கிடைக்கும். காம்பு நீக்கி, ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு, 75 கிராம் தட்டிய இஞ்சி, நாலைந்து கிராம்பு, ஒரு துண்டு பட்டை போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, மசித்து வடிகட்டுங்கள். அதிலிருந்து ஒன்றே முக்கால் லிட்டர் சாறு எடுத்து, சூடாக இருக்கும்போதே 600 கிராம் சர்க்கரையைக் கரையுங்கள். ஆறியதும் 700 மில்லி குடிதண்ணீர், 150 மில்லி எலுமிச்சைச் சாறு. கொதிக்கவிடாமல் பச்சையாகப் பிழிந்து இரண்டு நாள் வெளியே வைத்தால் தோலில் இருக்கும் ஈஸ்ட் தன் வேலையைத் தொடங்கிவிடும். அப்புறம் மாமியாருக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

சர்க்கரை சரியா என்று பார்க்கக் கருவி தேவையில்லை. ஆறிய கலவையை ஒரு டம்ளரில் தனியாக எடுத்து, கழுவிய புதிய முட்டையை விடுங்கள். ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓடு மேலே தெரிந்தால் சரி. மூழ்கினால் சர்க்கரை போதவில்லை. நன்றாகத் தூக்கி நின்றால் தண்ணீர் வேண்டும். பழைய முட்டை எதிலும் மிதக்கும், நம்பாதீர்கள். சோதித்த கலவையைக் கீழே ஊற்றிவிடுங்கள்.

23-ஆம் தேதி இரவே அகலமான மூன்று எவர்சில்வர் தட்டுகளில் பிரித்து வையுங்கள். ஒரே பாத்திரத்தில் மூன்று லிட்டரையும் வைத்தால் நடுவில் உறையாது. மறுநாள் இரண்டு மூன்று முறை முள்கரண்டியால் சுரண்டிக் கிளறிவிடுங்கள். மிக்ஸியே வேண்டாம்.

இனி அந்தக் கேட்டரிங்காரர். மெஷின் மேல் எனக்குக் கோபமில்லை. அதில் ஊற்றுவதுதான் கவலை. கேனைத் திருப்பி லேபிளைப் படியுங்கள். ஃப்ரூட் ட்ரிங்க் என்றிருந்தால் சட்டப்படி அதில் பழச்சாறு பத்து சதவீதம் இருந்தால் போதும். சிந்தெடிக் சிரப் என்றிருந்தால் அது நிறமும் மணமும் சேர்த்த சர்க்கரைப் பாகுதான், பழத்தைத் தேடாதீர்கள். லேபிளே இல்லாமல் மார்க்கர் பேனாவால் ‘கிரேப்’ என்று எழுதிய கேன் வந்தால் வாசலோடு திருப்பி அனுப்புங்கள். ‘நான்-ஆல்கஹாலிக்’ என்று அச்சிட்ட பாட்டிலிலும் அரை சதவீதம் வரை ஆல்கஹால் இருக்கலாம். நம் சட்டம் அதற்கு மேல் போனால்தான் மதுபானம் என்கிறது. ஒரு சொட்டும் கூடாது என்பவர் வீட்டில் அந்த வார்த்தையை மட்டும் நம்பி வாங்கக் கூடாது.

அடுத்தது ஐஸ். உங்கள் ஊரில் மீனுக்குப் போடும் ஐஸ் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். விலை குறைவு என்பதால் விருந்து டம்ளருக்கும் அதையே உடைத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எந்தத் தண்ணீரில் செய்தது என்று ஐஸைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. மகாராஷ்டிராவில் 2018-இல் சாப்பிடக் கூடாத ஐஸுக்கு நீல நிறம் கலக்கச் சொன்னார்கள். அதைப் படித்துவிட்டு அந்த டிசம்பரில் நான் போன விருந்துகளில் எல்லாம் ஐஸ் பெட்டியை எட்டிப் பார்த்தேன். எங்கேயும் நீலம் இல்லை. ஒரு பெட்டியில் மீன் செதில் மட்டும் இருந்தது. புகார் எழுதினேன். பதினோரு மாதம் கழித்து, ‘தங்கள் மனு முடித்துவைக்கப்பட்டது’ என்று ஒரு குறுஞ்செய்தி. விருந்தும் முடிந்திருந்தது, மனுவும் முடிந்துவிட்டது.

புகைக்கு ஒரே பதில், வேண்டாம். டம்ளரில் அந்தப் புகையை வரவழைப்பது உலர்பனி (டிரை ஐஸ்) அல்லது திரவ நைட்ரஜன். 2024 மார்ச்சில் குருகிராம் உணவகம் ஒன்றில் வாய்ப் புத்துணர்ச்சிக்கு என்று கொடுத்த உலர்பனியைத் தின்றவர்கள் ரத்த வாந்தி எடுத்து மருத்துவமனைக்குப் போனார்கள். அடுத்த மாதமே தமிழக உணவுப் பாதுகாப்புத் துறை, திரவ நைட்ரஜனை உணவோடு பரிமாறக் கூடாது என்று எச்சரித்தது. அதற்குப் பிறகும் கல்யாண வரவேற்புகளில் புகை வந்துகொண்டுதான் இருக்கிறது. ஃபோட்டோகிராபருக்குப் பிடித்திருக்கிறதாம்.

சுகர் ஃப்ரீ சிரப்பைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் நல்லது செய்வதாக நினைத்துத்தான் பலர் இதை வாங்குகிறார்கள். பனி கல்லாகாமல் தடுப்பது இனிப்பு அல்ல, தண்ணீரில் கரைந்திருக்கும் பொருளின் அளவு. சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் ஸ்டீவியா ஒரு சிட்டிகையிலேயே இனித்துவிடும். ஆனால் ஒரு சிட்டிகையால் உறைவதைத் தடுக்க முடியாது. அப்படியானால் சர்க்கரை இல்லாத ஸ்லஷ் எப்படிக் கூழாக நிற்கிறது? கிளிசரின் சேர்க்கிறார்கள். லேபிளில் 422 என்ற எண்ணாக இருக்கும். பிரிட்டனில் 2018-இல் சர்க்கரை பானங்களுக்கு வரி வந்தது. சர்க்கரையைக் குறைத்த ஸ்லஷ்களில் கிளிசரின் இடம்பிடித்தது. அதைக் குடித்த சின்னக் குழந்தைகள் சிலர் ரத்தச் சர்க்கரை இறங்கி, துவண்டு, நினைவு தப்பி மருத்துவமனைக்கு வந்தார்கள். அந்நாட்டின் உணவுத் தர அமைப்பு 2025-இல் சொன்னது இது: ஏழு வயது நிரம்பாதவர்களுக்குக் கிளிசரின் ஸ்லஷ் கொடுக்கவே வேண்டாம், ஏழிலிருந்து பத்து வரை ஒன்றுக்கு மேல் வேண்டாம், அதுவும் 350 மில்லிக்குள். கேக்கின் ஐசிங்கிலும் கிளிசரின் உண்டே என்று கேட்பீர்கள். அங்கே நாம் நக்குவது ஒரு விரல் அளவு. இங்கே குழந்தை ஒரு பெரிய டம்ளரை, வெறும் வயிற்றோடு, ஓடியாடிய களைப்பில், ஐந்து நிமிடத்தில் உறிஞ்சிவிடும். வித்தியாசம் அதுதான். மாமனாருக்காக வாங்கும் சிரப் பேரப்பிள்ளைகளின் டம்ளருக்குப் போய்விடக் கூடாது. போகாமல் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லாதீர்கள், 40 பேர் கூடும் வீட்டில் யாராலும் முடியாது.

மாமனாருக்கு ஸ்லஷ் வேண்டாம். எலுமிச்சை, இஞ்சிச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு, சோடா, வீட்டுத் தண்ணீரில் செய்த ஐஸை உடைத்து ஒரு கைப்பிடி. அவருக்கும் அதே மாதிரிக் கண்ணாடி டம்ளரில் கொடுங்கள், தனியாக எவர்சில்வர் டம்ளரில் கொடுத்தால் மனுஷனுக்குக் கோபம் வரும்.

பரிமாறும்போது மின்சாரம் போனால் என்ன செய்வது என்று கேட்கவில்லை, ஆனால் போகும். ஒரு பெரிய அண்டாவில் அந்த மீன் ஐஸையே உடைத்து நிரப்பி, மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு கல்லுப்புப் போடுங்கள். உங்கள் ஊரில் உப்புக்கா பஞ்சம்? உப்பு பட்ட ஐஸ் சும்மா இருக்கும் ஐஸைவிடப் பத்துப் பதினைந்து டிகிரி கீழே இறங்கும். அதன் நடுவில் மூடி போட்ட தூக்குவாளியில் கலவையை வைத்தால் மாலை முழுக்கத் தாங்கும். வாளியின் விளிம்பு ஐஸுக்கு மேலே நாலு விரல் இருக்கட்டும், உப்புத் தண்ணீர் உள்ளே போய்விடக் கூடாது. சோடாவை வாளியில் ஊற்றாதீர்கள், கால் மணி நேரத்தில் சப்பென்று ஆகிவிடும். டம்ளரில் பாதிக்குப் பனி, மேலே சோடா, ஒரு சுற்றுக் கலக்கிக் கையில் கொடுங்கள்.