வட அமெரிக்கப் பழங்குடிகளின் இராக்குவா கூட்டணியில் ஐந்து இனங்களைச் சேர்த்து வைத்தது எது?

எல்லாரும் இசையும்வரை பேசி முடிவெடுக்கும் சபையைத்தான் பலரும் காரணமாகச் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் என்னைக் கேட்டால், துக்கம் கேட்கும் முறைதான் அந்தக் கூட்டணியின் உயிர்.

இன்றைய நியூயார்க் மாநிலத்தில் கிழக்கிலிருந்து மேற்காக மோஹாக், ஒனைடா, ஒனொன்டாகா, கயுகா, செனகா என ஐந்து இனங்கள் இருந்தன. ஒரு கொலை விழுந்தால் பதிலுக்கு இன்னொரு கொலை. கூட்டணியை உருவாக்கியவர்களில் ஒருவரான ஹயவாதா தன் மகள்களைப் பறிகொடுத்துவிட்டுக் காட்டில் தனியாக அலைந்தார் என்கிறது அவர்களின் வாய்மொழி வரலாறு. சமாதானத் தூதர் என்று அவர்கள் மதிக்கும் மனிதர் அவரிடம் வந்து, சிப்பிமணிச் சரங்களை ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்து ஆறுதல் சொன்னாராம். ஒரு சரம் கண்ணீரைத் துடைக்க, ஒன்று காதடைப்பை நீக்க, ஒன்று தொண்டை அடைப்பைத் திறக்க. அழுதுகொண்டிருப்பவனுக்கு எதிரில் இருப்பவர் தெரியமாட்டார், சொல்வது கேட்காது, பேச்சும் வராது. அதைச் சரிசெய்த பிறகுதான் சமாதானப் பேச்சே.

இதையே ஏற்பாடாக்கினார்கள். மோஹாக், ஒனொன்டாகா, செனகா ஒரு பக்கம்; ஒனைடா, கயுகா மறுபக்கம். 1722 வாக்கில் ஆறாவதாக வந்த டஸ்கரோரா இனமும் ஒனைடா, கயுகா பக்கம்தான். ஒரு பக்கத்தில் தலைவர் இறந்தால் மறுபக்கத்தார் வந்து கண்ணீர் துடைப்பார்கள். குலத்தாய் தேர்ந்தெடுத்த புதியவருக்கு இறந்தவரின் பட்டப்பெயரையே சூட்டுவார்கள். இப்படி 50 பட்டப்பெயர்கள்.

இந்தச் சமாதானம் உள்ளே இருந்தவர்களுக்குத்தான். வெளியே அவர்கள் கடுமையானவர்கள். 1649-இல் ஹூரான்கள் என்ற இன்னொரு பழங்குடியினரைச் சிதறடித்தார்கள். பிடித்துவந்த சிலரை இறந்தவர்களின் இடத்தில் குடும்பத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அதுவும் துக்கத்தை ஆற்றத்தான்.

1777 ஜனவரியில் ஒனொன்டாகாவில் நோய் பரவி 90 பேர் இறந்தார்கள், அதில் மூன்று தலைவர்கள். கூட்டணியின் சபை கூடும் இடத்தில் எரியும் நெருப்புதான் அதன் ஒற்றுமைக்கு அடையாளம்; அந்த நெருப்பு அணைந்துவிட்டதாகச் செய்தி போனது. அமெரிக்க விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். அதே ஆண்டு ஆகஸ்ட் 6-இல் நியூயார்க்கின் ஒரிஸ்கனியில் நடந்த சண்டையில் ஒனைடாக்கள் அமெரிக்கர் பக்கமும், மோஹாக், செனகா வீரர்கள் ஆங்கிலேயர் பக்கமும் நின்று ஒருவரையொருவர் கொன்றார்கள். இந்த இரண்டு நிகழ்வுகளையும் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அப்புறம் நெருப்பு இரண்டாகப் பிரிந்தது. ஒன்று ஒனொன்டாகாவில், இன்னொன்று கனடாவின் கிராண்ட் ஆற்றங்கரையில். கண்ணீர் துடைக்கும் சடங்கு இன்றும் நடக்கிறது.