கோரல் சுருங்குகிறது, வெளுக்கிறது, கரைகிறது: கேள்வி பதில்

கடல்நீர் மீன்தொட்டியில் (ரீஃப் டேங்க்) கோரல், அதாவது பவளம், வளர்ப்பவர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பாதி "எந்த பாட்டிலை ஊற்றலாம்?" என்றுதான் முடிகின்றன. பாட்டிலை மூடி வையுங்கள், முதலில் டெஸ்ட் கிட்டை எடுங்கள். கீழேயும் இதையே திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணா, ஹேமர் கோரல் நன்றாக விரிந்துகொண்டிருந்தது. அல்கலினிட்டி (தண்ணீரின் காரத்தன்மை, டிகேஹெச் அலகில்) 7க்கு இறங்கியதால் அதை ஏற்றும் பஃபர் போட்டேன், மறுநாளே 11 ஆகிவிட்டது. இப்போது சதை சுருங்கி, ஓரத்தில் எலும்பு தெரிகிறது. மீன்கள் நன்றாக இருக்கின்றன. (சென்னை)

7 இருந்ததால் கோரலுக்கு ஒன்றும் ஆகியிருக்காது தம்பி. ஒரே நாளில் 11க்குத் தாவியதுதான் அடி. ஒரு நாளைக்கு 1 டிகேஹெச்சுக்கு மேல் ஏற்றக் கூடாது. 100 லிட்டருக்கு 3 கிராம் சமையல் சோடா போட்டாலே ஏறக்குறைய 1 ஏறிவிடும். அப்படியானால் நீங்கள் எவ்வளவு கொட்டியிருப்பீர்கள் என்று பாருங்கள். இனி அதைக் குறைக்கிறேன் என்று வேறு எதையும் ஊற்றாதீர்கள். பஃபர் போடுவதை நிறுத்தினால் கோரல்களே செலவழித்து இறக்கிவிடும். 8லிருந்து 9க்குள் வந்ததும் அங்கேயே பிடித்து வையுங்கள்.

இன்று இரவு விளக்கு அணைந்த பிறகு, டார்ச் அடித்து சதையும் எலும்பும் சேரும் ஓரத்தைப் பாருங்கள். ஓரம் சுத்தமாக இருந்தால் கோரலை இடம் மாற்றாமல் விட்டுவிடுங்கள். பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று ஏதாவது தொங்கினால் அது பிரவுன் ஜெல்லி என்ற தொற்றுநோய். பம்பை நிறுத்திவிட்டு, சிரிஞ்சால் அதை உறிஞ்சி எடுத்து வெளியே கொட்டுங்கள். டேங்கிலேயே கலைந்தால் பக்கத்துத் தலைகளுக்கும் (கிளை நுனிகளில் உள்ள சதைப் பகுதிகள்) தொற்றும். கெட்டுப்போன தலையை எலும்போடு வெட்டி அகற்றிவிட்டு, மீதியை அயோடின் டிப்பில் (அயோடின் கலந்த நீர்) முக்கி எடுங்கள். இந்த வேலையை நாளைக்குத் தள்ளாதீர்கள், ஒரே இரவில் ஒரு தலை முழுக்கக் கரைந்துவிடும்.

இறாலும் நத்தையும் செத்துவிட்டன, கோரல் எதுவும் திறக்கவில்லை. மீனுக்கு ஒன்றும் இல்லை. குடிக்கிற ஆர்ஓ தண்ணீர்தான் ஊற்றுகிறேன் சார். (மதுரை)

மீன் பிழைத்து இறால் சாகிறது என்றால் எனக்கு முதல் சந்தேகம் செம்புதான். வீட்டு ஆர்ஓ மெஷினில் காப்பர் கார்ட்ரிட்ஜ் இருக்கிறதா பாருங்கள். 'செம்பின் நன்மை' என்று விளம்பரம் செய்து விற்கிற மாடல்கள் நிறைய இருக்கின்றன. மனிதருக்கு நல்லதோ என்னவோ, முதுகெலும்பில்லாத உயிருக்கு அது விஷம். அது இல்லாவிட்டாலும், சுவைக்காகச் சுத்திகரிக்காத தண்ணீரைக் கொஞ்சம் திருப்பிக் கலந்துவிடும் மெஷின்கள் உண்டு. ரீஃப் டேங்குக்கு டிஐ ரெசின் (மிச்சம் கரைந்திருப்பதையும் உறிஞ்சுவது) வைத்த தனி யூனிட் வேண்டும், கரைந்த உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 0 காட்ட வேண்டும். இப்போதைக்கு அப்படி 0 காட்டும் தண்ணீரில் கரைத்த உப்பு நீரால் பெரிய அளவில் தண்ணீர் மாற்றுங்கள். அதோடு கார்பனும் செம்பை உறிஞ்சும் ரெசினும் வையுங்கள்.

அக்ரோபோரா கோரல் பழுப்பாகிவிட்டது. சாகிறதா? (கோவை)

இல்லை. உள்ளே வாழும் பாசி பெருகியிருக்கிறது. வெளிச்சம் குறைவு, இல்லையென்றால் நைட்ரேட் அதிகம். விளக்கை வாரத்துக்குக் கொஞ்சமாகக் கூட்டுங்கள், அவசரம் வேண்டாம்.

நைட்ரேட் 0, பாஸ்பேட் 0. ஆனாலும் எல்லாம் வெளிறிக் கிடக்கிறது. (பெங்களூரு)

ஆனாலும் இல்லை, அதனால்தான்! பட்டினி. நைட்ரேட் 5 பிபிஎம், பாஸ்பேட் 0.05 பக்கம் இருக்கட்டும். பாஸ்பேட்டை உறிஞ்சும் மீடியாவை எடுத்துவிட்டு மீனுக்குத் தாராளமாகத் தீனி போடுங்கள். இரண்டும் 0வில் நின்றால் டைனோ (டைனோஃபிளாஜெல்லேட் என்ற கொழகொழப்பான பாசி) வரும், அது வந்தால் போக மாட்டேன் என்னும்.

மே மாதம் டேங்க் 31 டிகிரி போகிறது. கோரல் வெள்ளையாகிவிட்டது. தூக்கிப் போடலாமா? (சென்னை)

உற்றுப் பாருங்கள். வெள்ளை எலும்பின் மேல் கண்ணாடி போலச் சதை இருந்தால் உயிர் இருக்கிறது. 2016 கோடையில் மன்னார் வளைகுடாவில் கடலே சூடாகிப் பவளங்கள் வெளுத்தது இப்படித்தான். விளக்கைக் குறைத்துத் தீனி கொடுங்கள். வெப்பம் 26 பக்கம் மெல்ல இறங்கட்டும். ஃபேன் ஆவியாக்கித்தான் குளிர்விக்கும் என்பதால் சென்னைப் புழுக்கத்தில் பாதி வேலைதான் செய்யும். சில்லருக்கு (தண்ணீரைக் குளிர்விக்கும் மெஷின்) காசு சேர்த்துவிடுங்கள். ஆவியாகிற தண்ணீருக்கு உப்பில்லாத தண்ணீரையே ஊற்ற வேண்டும்.

கடற்கரையில் கிடக்கிற பவளத்துண்டை எடுத்து வைக்கலாமா அண்ணா? (தூத்துக்குடி)

கூடாது. கல்பவளங்கள் எல்லாம் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. செத்த துண்டாக இருந்தாலும் வழக்குதான்.

சோவாந்தஸ் (பொத்தான் போன்ற மென்மையான பவள வகை) வளரும் கல் முழுக்க ஐப்டேசியா (களை போலப் பரவும் சிறு கடல் அனிமோன்). கல்லை எடுத்துக் கொதிக்க வைத்துச் சுத்தம் செய்யலாமா? (சிங்கப்பூர்)

வேண்டவே வேண்டாம்! சோவாந்தஸ் வகைகளில் பாலிடாக்ஸின் என்ற கடும் விஷம் இருக்கலாம். கொதிக்க வைத்தால் அது ஆவியோடு மூச்சில் ஏறும். இப்படிக் குடும்பத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். வெந்நீர் ஊற்றித் தேய்ப்பதும் கூடாது. கல்லைத் தொடும்போது கையுறையும் கண்ணாடியும் போடுங்கள். ஐப்டேசியாவுக்குச் சுண்ணாம்புக் கால்க் பவுடரை ஆர்ஓ தண்ணீரில் கெட்டியாகக் குழைத்து, பம்பை நிறுத்திவிட்டு, சிரிஞ்சால் அதன் வாயில் வையுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றுக்கும் வைத்தால் பிஹெச் எகிறும், நாளுக்கு நாலைந்து போதும். குட்டிகளை பெப்பர்மின்ட் இறால் பார்த்துக்கொள்ளும்.