கர்ப்பத்தில் நிறை கூடுகிறது: இரவுச் சாப்பாட்டை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு வயது 28. வெள்ளவத்தையில் இருக்கிறோம், கொள்ளுப்பிட்டியில் வேலை. இது முதல் பிள்ளை, 24 வாரம் முடிந்துவிட்டது. என் உயரம் 157 சென்ரிமீற்றர். எட்டாம் வாரத்தில் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்கில் பதிந்தபோது நிறை 58.5 கிலோ. 16ஆம் வாரம் அங்கேயே 61.5. 20ஆம் வாரம் தனியார் மருத்துவமனையில் டொக்டரைச் சனல் பண்ணி, அதாவது காசு கட்டி நேரம் பதிந்து, பார்த்தபோது 63. போன கிழமை மறுபடி கிளினிக்கில் 66. நாலு கிழமையில் மூன்று கிலோ! மிட்வைஃப் மிஸ் சிங்களத்தில் கொஞ்சம் கடுமையாகச் சொன்னா, நிறை கூட என்பது மட்டும்தான் விளங்கியது. ஸ்கேனில் பிள்ளை 650 கிராம் என்கிறார்கள். மிச்சம் முழுக்க என் கொழுப்பா? மாமி “ரெண்டு பேருக்குச் சாப்பிடு” என்கிறா. கனடாவில் இருக்கும் அக்கா சோற்றை விடச் சொல்கிறா. பத்து நாளாக இரவுச் சாப்பாட்டை நிறுத்தி ஒரு பால் தேத்தண்ணியோடு படுக்கிறேன், கிளினிக்கில் தரும் திரிபோஷா சத்துமாவையும் விட்டுவிட்டேன். சீனி வருத்தம் வருமா, சிசேரியன் ஆகுமா என்று பயமாக இருக்கிறது.
வாசகி, கொழும்பு 06

பதில்: அன்புச் சகோதரிக்கு, முதலில் இன்றிரவே சாப்பிடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. உங்கள் கணக்கைப் பார்த்தால் பயப்படும் அளவுக்கு எதுவும் நடக்கவில்லை. நீங்கள் கண்டுபிடித்த மருந்துதான் பயப்பட வேண்டியது.

நாலு கிழமையில் மூன்று கிலோ என்ற கணக்கு இரண்டு வேறு தராசுகளில் எடுத்தது. 63 ஒரு தராசில், 66 இன்னொன்றில். இரண்டு தராசுக்கிடையே ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ வித்தியாசம் வருவது சாதாரணம். சாப்பிட்டபின் ஏறினால், சிறுநீர் கழிக்காமல் ஏறினால், காலணியோடு ஏறினால் இன்னும் கூடும். ஆகவே கிளினிக் தராசை மட்டும் எடுப்போம். 16ஆம் வாரம் 61.5, 24ஆம் வாரம் 66. எட்டு வாரத்தில் 4.5 கிலோ, வாரத்துக்கு ஏறக்குறைய 560 கிராம். இது சற்று வேகம்தான், மிட்வைஃப் சொன்னது பிழையில்லை. ஆனால் நீங்கள் நினைத்த வாரத்துக்கு 750 கிராம் இல்லை.

எவ்வளவு கூடலாம் என்பது கர்ப்பத்துக்கு முன் இருந்த உடம்பைப் பொறுத்தது. கிலோ நிறையை மீற்றர் உயரத்தின் வர்க்கத்தால் பிரித்தால் வருவது உடற்திணிவுச் சுட்டி. உங்களுக்கு, பதிந்த நாளின் நிறைப்படி, 23.7. அமெரிக்க மருத்துவ நிறுவனம் 2009இல் வெளியிட்ட அளவுகளைத்தான் உலகெங்கும் பெரும்பாலும் பின்பற்றுகிறார்கள். அதன்படி சுட்டி 18.5க்குக் கீழ் இருந்தால் மொத்தம் 12.5 முதல் 18 கிலோ கூடலாம். 18.5 முதல் 24.9 வரை என்றால் 11.5 முதல் 16. 25 முதல் 29.9 வரை என்றால் 7 முதல் 11.5. 30க்கு மேல் 5 முதல் 9. இது ஒற்றைப் பிள்ளைக்கான கணக்கு, இரட்டைப் பிள்ளைகளுக்கு வேறு. முதல் மூன்று மாதத்தில் அரைக் கிலோ முதல் இரண்டு கிலோ வரை கூடும் (சத்தி அதிகமானவர்களுக்குக் குறைவதும் உண்டு). அதற்குப் பிறகு உங்கள் வகைக்கு வாரத்துக்கு 350 முதல் 500 கிராம்.

இங்கே ஒரு விடயம் கவனிக்க வேண்டும். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நீரிழிவும் பிரஷரும் வெள்ளைக்காரரைவிடக் குறைந்த உடற்திணிவிலேயே எட்டிப் பார்க்கும். ஆசிய மக்களுக்கு 23இலிருந்தே கவனம் தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சொன்னது. நீங்கள் அந்தக் கோட்டைச் சற்றுத் தாண்டி நிற்கிறீர்கள். அதனால் 16 கிலோவை எட்ட வேண்டும் என்றில்லாமல் 12, 13 அளவில் நிற்பது நல்லது என்பது எங்கள் அபிப்பிராயம். இதுவரை 7.5 கிலோ. இனி 16 வாரம். வாரத்துக்கு 350 கிராம் என்று போனால் இன்னும் 5.6, மொத்தம் 13ஐ ஒட்டி வரும். ஏறியதை இறக்கத் தேவையே இல்லை, வேகத்தைக் குறைத்தால் போதும்.

“மிச்சம் என் கொழுப்பா” என்ற கேள்விக்கு வருவோம். பிரசவ நேரத்தில் 12.5 கிலோ கூடிய ஒரு பெண்ணில் பிள்ளை மூன்று கிலோவுக்குச் சற்று மேல். நச்சுக்கொடி 650 கிராம், பனிக்குட நீர் 800 கிராம், விரிந்த கருப்பை ஒரு கிலோ, மார்பு 400 கிராம், கூடிய இரத்தம் ஒன்றேகால் கிலோ, திசுக்களில் தங்கும் நீர் ஒன்றரைக் கிலோவுக்கு மேல். எஞ்சிய மூன்று, மூன்றரைக் கிலோதான் கொழுப்பு. அதையும் உடம்பு வேண்டுமென்றே சேர்க்கிறது. கடைசி மாதங்களில் பிள்ளை வேகமாக வளரும்போதும் பிறகு பால் கொடுக்கும்போதும் எடுத்துச் செலவழிக்கத்தான். அந்தச் சேமிப்பில் பெரும் பங்கு நடந்து முடிவது நடுப்பகுதி மாதங்களில், அதாவது நீங்கள் இப்போது இருக்கும் காலத்தில். பிள்ளை 650 கிராமாக இருக்கும்போது தாயின் நிறை ஆறேழு கிலோ கூடியிருப்பதில் புதினம் ஒன்றும் இல்லை.

இரவுச் சாப்பாட்டை ஏன் விடக்கூடாது? கர்ப்பத்தில் உடம்பு பட்டினியை மிக விரைவாக உணரும். பின்னேரம் ஆறு மணிக்கு ஒரு ரோல்ஸ், அடுத்த சாப்பாடு காலை எட்டுக்கு என்றால் 14 மணித்தியாலம். பிள்ளை குளுக்கோஸைத் தொடர்ந்து எடுத்துக்கொண்டே இருப்பதால் தாயின் இரத்தத்தில் அது இறங்கி, உடம்பு கொழுப்பை எரித்துக் கீற்றோன்கள் என்ற அமிலப் பொருள்களை உண்டாக்கும். காலையில் தலைச்சுற்று, ஓங்காளம், பிறகு அடக்க முடியாத பசி. பத்து மணிக்குக் கன்டீனில் இரண்டு மாலு பாண் (மீன் வைத்த பன்) போவது அப்படித்தான். தாயின் நிறை போதிய அளவு கூடாவிட்டால் பிள்ளை 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறக்கும் வாய்ப்பு கூடுகிறது. இலங்கையில் அது சின்னப் பிரச்சினை இல்லை.

அக்காவின் ஆலோசனையில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. கர்ப்பகால நீரிழிவைக் கண்டுபிடிக்கும் குளுக்கோஸ் பரிசோதனை 24 முதல் 28 வாரத்துக்குள் செய்வது. உங்களுக்கு இதுதான் நேரம். அந்தப் பரிசோதனைக்கு முந்திய மூன்று நாளும் வழக்கம்போல் சோறு, பாண், இடியப்பம் எல்லாம் சாப்பிட்டிருக்க வேண்டும். மாச்சத்தைக் குறைத்துவிட்டுப் போனால் உடம்பு திடீரென்று வரும் குளுக்கோஸைச் சமாளிக்கத் தடுமாறும், இல்லாத சீனி வருத்தம் இருப்பதுபோல் அறிக்கை வரலாம். முதல்நாள் இரவு சாப்பிட்டபின் 8 முதல் 14 மணித்தியாலம் தண்ணீர் மட்டும். காலையில் ஒருமுறை இரத்தம் எடுத்து, 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரை ஐந்து நிமிடத்துக்குள் குடிக்கக் கொடுப்பார்கள். ஒரு மணித்தியாலத்தில் ஒன்று, இரண்டு மணித்தியாலத்தில் ஒன்று என்று மறுபடி எடுப்பார்கள். இடையில் நடக்கவும் கூடாது, கடிக்கவும் கூடாது. சத்தி எடுத்தால் அது கணக்கில் இல்லை, இன்னொரு நாள் செய்யக் கேளுங்கள். வெறுவயிற்றில் 92, ஒரு மணியில் 180, இரண்டு மணியில் 153 (டெசிலீற்றர் இரத்தத்துக்கு மில்லிகிராமில்) என்பவை எல்லைகள். மூன்றில் ஒன்று எட்டினாலும் கர்ப்பகால நீரிழிவு என்று எடுப்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2013ஆம் ஆண்டு முறை. அப்படி வந்தாலும் பலருக்குச் சாப்பாட்டை ஒழுங்குபடுத்தி நடந்தாலே கட்டுப்படும். நிறை கூடினால் சிசேரியனுக்கான வாய்ப்பு ஓரளவு கூடும் என்பது உண்மை. ஆனால் 13 கிலோ கூடிய பெண்ணுக்குச் சிசேரியன்தான் என்று எவரும் சொல்ல மாட்டார்கள்.

மாமியின் “ரெண்டு பேருக்கு” என்ற அன்பைக் கலோரியில் வைத்துப் பார்ப்போம். நடு மூன்று மாதத்தில் வழக்கத்தைவிட நாளுக்கு ஏறத்தாழ 285 கலோரி கூடத் தேவை, கடைசி மூன்று மாதத்தில் 475. 285 கலோரி என்பது ஒரு கோப்பை பால், ஓர் அவித்த முட்டை, ஒரு சின்ன வாழைப்பழம். அவ்வளவுதான். இப்போது தேத்தண்ணியைப் பாருங்கள். இரண்டு தேக்கரண்டி சீனியும் இரண்டு தேக்கரண்டி பால்மாவும் போட்டால் ஒரு கோப்பை 90 கலோரி. அலுவலகத்தில் இரண்டு, வீட்டில் இரண்டு என்று நாலு குடித்தால் 360. பிள்ளைக்கு வேண்டிய முழுப் பங்கையும் தேத்தண்ணியே தின்றுவிடுகிறது, நாலு கோப்பையிலும் சேர்த்துச் சீனி மட்டும் 40 கிராம். சோற்றைத் தொடுவதற்கு முன் கை வைக்க வேண்டிய இடம் இதுதான். நாளுக்கு இரண்டு கோப்பை, கோப்பைக்கு அரைத் தேக்கரண்டி சீனி. சாப்பாட்டோடும் இரும்புச்சத்துக் குளிசையோடும் தேத்தண்ணி வேண்டாம். இரும்பு உடம்பில் சேராமல் போய்விடும். கல்சியம் குளிசையையும் இரும்போடு சேர்த்துப் போடாமல் ஒன்றைக் காலை, மற்றதை இரவு என்று பிரியுங்கள்.

அடுத்தது போத்தல் குளிர்பானமும் ஜூஸும். 2016 முதல் இலங்கையில் விற்கும் இனிப்புப் பானப் போத்தல்களில் நிறக் குறியீடு இருக்கிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை அம்பர் (செம்மஞ்சள்), 2க்குக் கீழ் பச்சை. அம்பர் என்று நிம்மதிப்பட வேண்டாம். 10 கிராம் உள்ள பானத்தில் 400 மில்லி போத்தல் ஒன்றைக் குடித்தால் அதுவும் எட்டுத் தேக்கரண்டி சீனிதான். பழத்தைக் கடித்துச் சாப்பிடுங்கள். கொய்யா, தோடம்பழம் இரண்டும் நல்லவை.

சோற்றை விட வேண்டாம், அளந்து போடுங்கள். பகலுக்குத் தேத்தண்ணிக் கோப்பையால் ஒன்றரைக் கோப்பை சிவப்பரிசிச் சோறு. கோப்பையில் அமுக்கி நிரப்பக் கூடாது. தட்டின் பாதி மரக்கறியும் கீரையும், முருங்கையிலை வறையோ வல்லாரைச் சம்பலோ. உள்ளங்கையளவு மீன் அல்லது கோழி, அதோடு பருப்பு. மீனில் சூடை, சாளை, நெத்தலி மிக நல்லவை. சுறாவை இந்தக் காலத்தில் தவிருங்கள், அதில் பாதரசம் கூட. காலையில் இடியப்பத்துக்குச் சொதியும் சம்பலும் மட்டும் என்றால் பதினொன்றுக்கே பசிக்கும். ஐந்து இடியப்பத்தோடு ஒரு முட்டையோ தடித்த பருப்புக் கறியோ சேர்த்தால் பகல் வரை தாங்கும். சொதிக்கு முதற்பாலைக் குறைத்து இரண்டாம் பாலைக் கூட்டலாம். இரவு எட்டு மணிக்குள் இரண்டு துண்டு பாணோ அகப்பையளவு பிட்டோ, கறியோடு. படுக்கும்போது பசித்தால் சீனி போடாத அரைக் கோப்பை பால்.

திரிபோஷாவை விட்டது வருத்தமாக இருக்கிறது. 750 கிராம் பைக்கற் இரண்டு, மாதத்துக்கு, அதாவது நாளுக்கு 50 கிராம். ஏறக்குறைய 200 கலோரியும் 10 கிராம் புரதமும் இரும்பும் விற்றமின்களும். பிழை திரிபோஷாவில் இல்லை. தேங்காய்ப்பூவும் சீனியும் குவித்துப் பிசைந்து, மூன்று சாப்பாட்டுக்கும் மேலதிகமாகச் சாப்பிடுவதில்தான் பிழை. பின்னேர ரோல்ஸுக்குப் பதிலாக அதை வையுங்கள். தண்ணீரில் குழைத்து ஒரு தேக்கரண்டி தேங்காய்ப்பூ போதும். உங்கள் பங்கை வீட்டுச் சின்னப்பிள்ளைகளுக்குப் பிரிக்கவும் வேண்டாம்.

நடை: நாளுக்கு 30 நிமிடம், கிழமைக்கு ஐந்து நாள். மரைன் டிரைவ் நடைபாதை காலை ஏழுக்கு முன் நன்றாக இருக்கும், பின்னேரம் என்றால் வெயில் தணிந்தபின். கதைத்துக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். மூச்சு வாங்கி வசனம் முறிந்தால் அது கூட. இரத்தம் படுதல், நீர் கசிதல், நச்சுக்கொடி கீழே இருக்கிறது என்ற அறிக்கை இவற்றில் ஏதும் இருந்தால் டொக்டரைக் கேட்காமல் நடைப் பயிற்சி வேண்டாம்.

நிறை கூடுவதில் உண்மையில் அவசரமானது வேறொன்று. ஒரே கிழமையில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறினால் அது பெரும்பாலும் சாப்பாடு இல்லை, நீர். பின்னேரம் கால் வீங்கி விடிய வற்றினால் சாதாரணம். காலையில் எழும்பும்போதே முகம் ஊதி, மோதிரம் கழற்ற முடியாமல், கணுக்காலுக்கு மேல் எலும்பில் பெருவிரலால் அமுக்கினால் குழி நின்றால் அன்றே பிரஷர் பார்க்க வேண்டும். 140/90 அல்லது அதற்கு மேல், விடாத தலையிடி, கண் மங்கல், நெஞ்சுக்குழிக்குக் கீழ் நோ இருந்தால் அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திருக்காதீர்கள். நீங்கள் பதிந்த ஆஸ்பத்திரிக்கோ பொரளைப் பக்கத்தில் காசல் வீதி மகளிர் வைத்தியசாலைக்கோ டி சொய்சா மகளிர் வைத்தியசாலைக்கோ உடனே போங்கள். வாகனம் இல்லாவிட்டால் 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

நிறையைக் கிழமைக்கு ஒருதரம், ஒரே தராசில், காலையில் சிறுநீர் கழித்தபின், மெல்லிய உடுப்போடு பாருங்கள். தராசைப் பாயில் வைக்காமல் வெறும் தரையில் வையுங்கள். தினமும் ஏறிப் பார்த்தால் தண்ணீரின் ஏற்ற இறக்கம்தான் தெரியும், மனமும் கெடும். அடுத்த கிளினிக்குக்குக் கணவரையோ சிங்களம் தெரிந்த ஒருவரையோ கூட்டிக்கொண்டு போங்கள். கர்ப்பிணி அட்டையில் உள்ள நிறை வரைபடத்தில் உங்கள் புள்ளிகளைக் காட்டச் சொல்லி மிட்வைஃபிடம் கேளுங்கள். சனல் பண்ணிய இடத்து நிறை அதில் குறித்திருந்தால் பக்கத்தில் வேறு தராசு என்று எழுதிவிடச் சொல்லுங்கள். இரவுச் சாப்பாட்டைப் பத்து நாள் விட்டதையும் மறைக்காமல் சொல்லுங்கள், குளுக்கோஸ் பரிசோதனைக்கு நாள் குறிக்கும்போது அது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.