ப்ரொமிதியஸ் போட்டிருந்தும் ராத்திரி கிளஸ்டர் விழுந்தது ஏன் தெரியவில்லை?

கேட்டவர் சொன்னது சுருக்கமாக: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. சொந்த சர்வர் ரூமில் குபேஅட்மின் என்ற நிறுவும் கருவியை வைத்துக் கட்டிய மூன்று நோடு (மூன்று மெஷின்) குபர்நெட்டீஸ் கிளஸ்டர், அதாவது ஆப்களைக் கூட்டாக ஓட்டும் சர்வர் குழு. அதைக் கண்காணிக்கும் ப்ரொமிதியஸ் டூலுக்காக குபே-ப்ரொமிதியஸ்-ஸ்டாக் ஹெல்ம் சார்ட்டை (ஹெல்ம் வழியாக நிறுவும் தயார் தொகுப்பை) இறக்கி, அலெர்ட் மெயிலுக்குப் போகும்படி செய்திருக்கிறார். பகலெல்லாம் மெயில் கொட்டுகிறது. ராத்திரி கரண்ட் போய் யுபிஎஸ்ஸும் தீர்ந்து எல்லாம் விழுந்தபோது ஒரு மெயில்கூட வரவில்லை. காசு கட்டி வேறு டூலுக்கு மாறலாமா?

மாற வேண்டாமுங்க. உங்க டூலில் குறை இல்லை. கிளஸ்டருக்குள் ஓடும் ப்ரொமிதியஸ் அதே ரேக்கில், அதே யுபிஎஸ்ஸில் இருக்கிறது. கரண்ட் போனால் அதுவும்தான் போகும், பிறகு யார் மெயில் அனுப்புவது?

இதற்கு மருந்து அந்த சார்ட்டிலேயே இருக்கிறது. வாட்ச்டாக் என்று ஓர் அலெர்ட் எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். அது வந்துகொண்டிருந்தால் ப்ரொமிதியஸும், அலெர்ட்டை வெளியே அனுப்பும் அலெர்ட்மேனேஜரும் உயிரோடு இருக்கின்றன என்று பொருள். ஆனால் சார்ட்டோடு வரும் கான்ஃபிக் அதை 'நல்' (null) என்ற வெற்று ரிசீவருக்கு (பெறும் இடத்துக்கு) அனுப்பிவிடுகிறது. பெரும்பாலானவர்கள் அதைத் தொல்லை என்று நினைத்து அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

வாட்ச்டாக்குக்குத் தனி ரூட் (எந்த அலெர்ட் எங்கே போகும் என்ற விதி) எழுதுங்க. க்ரூப் இன்டர்வல் 1 நிமிடம், ரிப்பீட் இன்டர்வல் 5 நிமிடம். க்ரூப் இன்டர்வலைக் குறைக்காமல் ரிப்பீட்டை மட்டும் குறைத்தால் பயனில்லை, ஏனென்றால் திரும்ப அனுப்பலாமா என்ற சோதனையே க்ரூப் இன்டர்வலுக்கு ஒருமுறைதான் நடக்கும். ரிசீவர் ஒரு வெப்ஹுக், அதாவது அலெர்ட் வரும்போது ஓர் இணைய முகவரியைத் தட்டுவது. அது ஹெல்த்செக்ஸ்.ஐஓ மாதிரி வெளியே ஓடும் ஒரு சேவையின் முகவரிக்குப் போகட்டும், இலவசக் கணக்கே போதும். சென்ட் ரிசால்வ்டை ('சரியாகிவிட்டது' என்ற தகவல் அனுப்புவதை) ஃபால்ஸ் ஆக்குங்க. அந்தப் பக்கம் பீரியட் (வாட்ச்டாக் துடிப்பு வர வேண்டிய இடைவெளி) 5 நிமிடம், கிரேஸ் (அதற்கு மேல் பொறுக்கும் நேரம்) 10 நிமிடம் வையுங்க. துடிப்பு நின்றால் அவர்கள் உங்க போனுக்குச் சொல்வார்கள். இன்டர்நெட் மட்டும் போனாலும் இதே அலாரம் அடிக்கும். அதுவும் தெரிய வேண்டியதுதான், வெளியே போகும் வழி அடைபட்டால் மற்ற எந்த அலெர்ட்டும் போகாது.

இங்கே பலரும் மாட்டுவது ஒன்று: ஹெல்ம், வேல்யூஸில் (நாம் சார்ட்டுக்குக் கொடுக்கும் செட்டிங் ஃபைலில்) உள்ள லிஸ்ட்களைச் சார்ட்டின் லிஸ்ட்களோடு சேர்க்காது, முழுசாக மாற்றிவிடும். ரிசீவர்ஸ் லிஸ்டை நீங்கள் எழுதும்போது 'நல்' ரிசீவரை விட்டுவிட்டால், ரூட்டில் அந்தப் பெயர் இன்னும் இருப்பதால் புது கான்ஃபிக் ஏறாது, பழையதே ஓடும். ஏற்றியதும் அலெர்ட்மேனேஜர் பக்கத்தின் ஸ்டேட்டஸில் உங்க ரூட் தெரிகிறதா என்று பாருங்க.

யுபிஎஸ் பேட்டரியில் ஓடத் தொடங்கியதுமே தெரிந்தால் இன்னும் நல்லது. யுபிஎஸ்ஸிலிருந்து யுஎஸ்பி கம்பியை ஒரு மெஷினுக்குக் கொடுத்து, நெட்வொர்க் யுபிஎஸ் டூல்ஸும், அதன் நிலையை ப்ரொமிதியஸுக்குக் கொடுக்கும் எக்ஸ்போர்ட்டரும் போட்டால், 'ஓபி' (OB, பேட்டரியில் ஓடுகிறது) நிலை வந்ததும் 1 நிமிடத்தில் அலெர்ட் விடலாம். மோடமும் ஸ்விட்ச்சும் அதே யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும்.

பகலில் மெயில் கொட்டுவதற்கு வருகிறேன். குபேஅட்மின் கிளஸ்டரில் குபர்நெட்டீஸின் உள் பாகங்களான கன்ட்ரோலர் மேனேஜர், ஷெட்யூலர், எட்சிடி, குபே-ப்ராக்ஸி நான்கின் மெட்ரிக்ஸும் (அளவீடுகளும்) 127.0.0.1-இல், அதாவது அந்த மெஷினுக்குள் மட்டுமே கிடைக்கும். பாட் என்ற தனிப் பெட்டிக்குள் ஓடும் ப்ரொமிதியஸால் தொட முடியாது, அதனால் 'டவுன்' என்று கத்தும். போர்ட்கள் முறையே 10257, 10259, 2381, 10249. முதல் மூன்றின் முகவரியையும் குபேஅட்மினின் கிளஸ்டர் கான்ஃபிகரேஷனில் எக்ஸ்ட்ரா ஆர்க்ஸாகவே (கூடுதல் செட்டிங்காகவே) மாற்றுங்க. மேனிஃபெஸ்ட் ஃபைலில் மட்டும் கை வைத்தால் அடுத்த அப்கிரேடில் பழையபடி ஆகிவிடும். ப்ராக்ஸிக்கு அதன் கான்ஃபிக்மேப்பில் (செட்டிங் தொகுப்பில்) மெட்ரிக்ஸ் பைண்ட் அட்ரஸை மாற்றி டீமன்செட்டை (எல்லா நோடிலும் ஓடும் அதன் பாட்களை) ரீஸ்டார்ட் செய்யுங்க. எட்சிடி, ப்ராக்ஸி மெட்ரிக்ஸுக்குப் பாஸ்வேர்டு கிடையாது, ஃபயர்வாலில் நோடுகளுக்கு மட்டும் திறந்து விடுங்க.

உங்க சொந்த ஆப்பின் மெட்ரிக்ஸ் வரவில்லை என்றால் இரண்டே காரணம்தான் பெரும்பாலும். சர்வீஸ்மானிட்டரில் (எந்த ஆப்பைக் கவனிப்பது என்று ப்ரொமிதியஸுக்குச் சொல்லும் குறிப்பில்) 'ரிலீஸ்' லேபிள் இல்லாமல் இருக்கும், அதன் மதிப்பு உங்க ஹெல்ம் ரிலீஸ் பெயராக இருக்க வேண்டும். அல்லது போர்ட் என்ற இடத்தில் எண்ணைப் போட்டிருப்பீர்கள். அங்கே வேண்டியது சர்வீஸில் அந்த போர்ட்டுக்கு வைத்த பெயர்.

டிஸ்க்: சார்ட்டை அப்படியே இறக்கினால் டேட்டா எம்ப்டிடிரில் (பாட் இருக்கும்வரை மட்டும் இருக்கும் தற்காலிக இடத்தில்) போகும், பாட் வேறு நோடுக்குப் போனால் வரலாறே அழியும். அளவுக்கு ஒரு கணக்கு போடுங்க. 3 லட்சம் சீரிஸ் (தனித்தனியாகத் தொடரும் அளவீடுகள்), 30 விநாடிக்கு ஒருமுறை என்றால் விநாடிக்கு 10,000 சாம்பிள். ஒரு சாம்பிளுக்கு 2 பைட், 15 நாள் வைத்தால் சுமார் 26 ஜிபி. 50 ஜிபி லோக்கல் எஸ்எஸ்டி கொடுத்து, ரிடென்ஷன் சைஸை (வைத்திருக்கும் டேட்டாவின் உச்ச அளவை) 40 ஜிபி என்று கட்டிவிடுங்க. ஆபீஸில் சும்மா இருக்கிற நாஸ் பெட்டியில் என்எஃப்எஸ்ஸாக (நெட்வொர்க் வழி டிஸ்க்காக) வைக்கலாம் என்று தோன்றும், வேண்டாம். ப்ரொமிதியஸ் என்எஃப்எஸ்ஸை ஆதரிப்பதில்லை, ஃபைல் கெட்டால் திரும்ப எடுக்க வழியில்லை.

நம்ம ஊர் கம்பெனிகளில் இன்னொரு ஆபத்து உண்டு. கட்டிங்கிலிருந்து பேக்கிங் வரை ஒவ்வொரு பண்டிலுக்கும் பார்கோடு இருக்கும். ஆப் எழுதுபவர் அந்தப் பார்கோடை மெட்ரிக்கில் லேபிளாக வைத்துவிடுவார். ஒவ்வொரு புது மதிப்பும் ஒரு புது சீரிஸ், அதெல்லாம் மெமரியில் உட்காரும். கொஞ்ச நாளில் ப்ரொமிதியஸ் மெமரி போதாமல் எக்ஸிட் கோடு 137-உடன் செத்து விழும், எழும்போது வால் (WAL, முன்பதிவு லாக்) ஃபைலைத் திரும்பப் படிக்கவே நேரம் பிடிக்கும். பண்டில் எண் லாக்கில் இருக்கட்டும். மெட்ரிக்கில் லைன், ஷிப்ட், எரர் வகை போதும்.

ரூல் எழுதும்போது ஒரு கேள்வி கேளுங்க: இது வந்தால் ஒருவர் எழுந்து என்ன செய்வார்? பதில் இல்லாதது போனுக்குப் போகக் கூடாது. சிபியு 80 சதவீதம் என்பதில் ராத்திரி யாரும் செய்வதற்கு ஒன்றுமில்லை. டிஸ்க் 4 மணி நேரத்தில் நிறையும் என்று பிரெடிக்ட் லீனியர் என்ற கணிப்பு ஃபங்ஷன் சொன்னால் எழுந்துதான் ஆக வேண்டும். நோடு ரெடி இல்லை என்பதற்கு 3 நிமிடம் 'ஃபார்' (அவ்வளவு நேரம் நீடித்தால் மட்டும் என்ற நிபந்தனை) வைத்துக் கிரிட்டிக்கல் ரூல் ஒன்றை நீங்களே எழுதுங்க. வார்னிங்கை ராத்திரி அடக்க டைம் இன்டர்வல் போடுவதானால் லொகேஷனில் ஏசியா/கொல்கத்தா என்று எழுத மறக்காதீங்க. எழுதாவிட்டால் யுடிசி (உலகப் பொது நேரம்) தான், நீங்கள் ராத்திரி 10 மணி என்று வைத்தது விடிகாலை 3.30-க்குத்தான் தொடங்கும்.

தானோஸ் (நீண்டகால மெட்ரிக்ஸ் சேமிப்பு), லோகி (லாக் சேகரிப்பு) பற்றி ஏன் சொல்லவில்லை என்று சிலர் வருவார்கள். மூன்று நோடுக்கு அவை இப்போது தேவையில்லை, அவற்றையும் ஒருவர் கவனிக்க வேண்டும். முப்பது நோடு வைத்திருப்பவருக்கு என் பதில் வேறு.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூர், திருப்பூர் பக்கம் பல இடங்களில் ராத்திரி அலெர்ட் வரும் போன் ஒரே பையனிடம்தான் இருக்கும். 2 மணிக்கு எழுந்து சரி செய்தவன் காலை 9.30-க்குப் பஞ்ச் வைக்க வேண்டும், காம்ப் ஆஃப் கிடையாது, அலவன்ஸும் கிடையாது. மில்லில் நைட் ஷிப்ட் பார்ப்பவருக்கு மறுநாள் பகல் வேலை வைப்பார்களா? இதைக் கேட்டால் 'ஐடி வேலைன்னா அப்படித்தான்' என்கிறார்கள். இது அநியாயமுங்க. ரொட்டேஷனில் குறைந்தது இரண்டு பேரைப் போடச் சொல்லுங்க, எழுதி வாங்குங்க.

எல்லாம் முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதியுங்க. அலெர்ட்மேனேஜரின் ஸ்டேட்ஃபுல்செட்டை (அதன் பாட்களை ஓட்டும் தொகுப்பை) குறைத்தால், சார்ட்டோடு வந்து இவற்றைப் பராமரிக்கும் ஆபரேட்டர் புரோகிராம் திரும்ப ஏற்றிவிடும். அதனால் அலெர்ட்மேனேஜர் ரிசோர்ஸிலேயே ரெப்ளிகாவை (ஓடும் பிரதிகளின் எண்ணிக்கையை) 0 ஆக்குங்க. 20 நிமிடத்துக்குள் போன் அடிக்க வேண்டும். அடிக்கவில்லை என்றால் வெளிச் சேவையில் கடைசித் துடிப்பு எப்போது வந்தது என்று பாருங்க. ஒன்றுமே வந்திராவிட்டால் பெரும்பாலும் வெப்ஹுக் முகவரியோ ரூட்டோ தப்பு. சரியாக வந்து நின்றிருந்தால் கோளாறு போனில், அந்த ஆப்புக்கு டு நாட் டிஸ்டர்பில் விலக்கு கொடுங்க.