நடந்து திரிவதிலிருந்து ஒலி, காணொளிக் கலை எப்படி உருவாகிறது?

நடைக் கலையின் ஒரு வகை, ஓரிடத்தில் அலைந்து திரிந்து பதிவு செய்த ஒலியையும் காட்சியையும் அதே இடத்தில் இன்னொருவர் நடந்தபடியே கேட்கவும் பார்க்கவும் அமைப்பதாகும். கனடாவின் பான்ஃப் நகரில் 1991இல் கனடியக் கலைஞர் ஜேனட் கார்டிஃப் ஒரு கல்லறைத் தோட்டத்தில் நடந்தபடி ஒலிப்பதிவு செய்தார். நாடாவைப் பின்னோட்டிக் கேட்டபோது தம் குரலும் காலடிகளும் தம்முடனேயே நடப்பதாக உணர்ந்தார். அந்தத் தற்செயலிலிருந்தே அவருடைய ஒலிநடைகள் பிறந்தன.

இரு காதுகளையும் ஓர் ஒலி எட்டும் நேரத்திலும் வலிமையிலும் உள்ள நுண்ணிய வேறுபாட்டைக் கொண்டும், காதுமடல் ஒலியில் ஏற்படுத்தும் மாற்றத்தைக் கொண்டும் மூளை திசையை அறிகிறது. ஆகவே காதுகளின் இடத்தில் இரு ஒலிவாங்கிகளை வைத்துப் பதிந்ததைத் தலையணி ஒலிபெருக்கியில் கேட்டால், யாரோ பின்னால் வருவதாகவே தோன்றும், திரும்பியும் பார்ப்போம். 2012இல் ஜெர்மனியின் காசெல் நகரப் பழைய ரயில் நிலையத்தில், கார்டிஃபும் அவருடன் இணைந்து பணியாற்றும் கலைஞர் ஜார்ஜ் பியூரஸ் மில்லரும் இத்துடன் காணொளியையும் சேர்த்த நடை ஒன்றை அமைத்தனர். பார்வையாளர் கையடக்கத் திரையை ஏந்தி, அதில் தெரியும், அதே நிலையத்தில் முன்பே பதிவான நடையைப் பின்தொடர்ந்தார். தாத்தா வீட்டு முற்றத்தில் எடுத்த பழைய திருமணப் புகைப்படத்தை அதே முற்றத்தில் நின்று பிடித்துப் பார்க்கும்போது, அன்றைய பந்தலும் இன்றைய வெறுமையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிவதைப் போன்றது இது.

இதைச் சுற்றுலா ஒலிவழிகாட்டி என்று பலர் கருதுகிறார்கள். வழிகாட்டி இடத்தைப் பற்றிய தகவலைத் தருகிறது, இக்கலையோ அவ்விடத்தில் நாம் கேட்பதும் காண்பதும் உண்மைதானா என்று நம்மையே ஐயுற வைக்கிறது.