உண்மைச் சம்பவப் படங்களில் எது உண்மை? நகரியிலிருந்து ஒரு பதில்

கேள்வி: "உண்மைச் சம்பவத்தைத் தழுவியது என்று போட்டுக்கொண்டு வரும் குற்றப் படங்களையும் தொடர்களையும் எவ்வளவு தூரம் நம்பலாம்? அப்படி எடுப்பது சரிதானா?"

நடந்தது என்ன என்பதை ஓரளவு நம்பலாம். யாருக்கு நடந்தது, யாரால் முடிவுக்கு வந்தது என்பதை மட்டும் நம்பாதீர்கள். இதுதான் என் பதில். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

நான் இருப்பது ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்து நகரியில். திருத்தணியில் பஸ் ஏறினால் அரை மணி நேரம். தெருவெல்லாம் விசைத்தறிச் சத்தம், வீட்டில் தமிழ், வேலையில் தெலுங்கு. வேலை என்றால் வக்கீல் குமாஸ்தா வேலை. இரண்டு மொழிப் படங்களும் எங்கள் ஊரில் ஓடும். குற்றக் கதை என்றால் இரண்டையும் பார்த்துவிடுவேன்.

ஒரு சாதாரணக் கொலை வழக்கின் கட்டைப் பிரித்தாலே முப்பது நாற்பது பெயர்கள் வரும். பிணத்தை முதலில் பார்த்தவர், மகஜரில் கையெழுத்துப் போட்டவர், பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர், கத்தியை விற்ற கடைக்காரர் என்று. திரையில் ஐந்தாறு முகங்களுக்கு மேல் மனதில் நிற்காது. ஆகவே பத்துப் பேர் செய்ததை ஒருவர் தலையில் ஏற்றுகிறார்கள். அதில் எனக்குக் குறை இல்லை. யாரைக் கழித்துவிடுகிறார்கள் என்பதில்தான் குறை.

எங்கள் மாவட்டத்துக் குற்றத்தையே எடுத்துக்கொள்வோம். செம்மரம் உலகத்திலேயே இயற்கையாக வளர்வது கடப்பை, சித்தூர், நெல்லூர், கர்நூல் பக்கத்து மலைகளில்தான். அதைக் கடத்துவதை வைத்து 2021-ல் 'புஷ்பா' வந்தது. உண்மைக் கதை என்று அந்தப் படம் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் சேஷாசலம், சித்தூர்ப் பேச்சு, சிண்டிகேட் என்று எல்லாம் இங்கிருந்து எடுத்ததுதான். அல்லு அர்ஜுன் பேசிய சித்தூர்த் தெலுங்கைக் கேட்டு எங்கள் ஊரில் பாதிப் பேர் சிரித்தார்கள், பாதிப் பேர் பெருமைப்பட்டார்கள். அவருக்கு அந்தப் படத்துக்காகத் தேசிய விருதும் கிடைத்தது. காட்டுக் காட்சிகளில் பெரும்பகுதி கோதாவரிப் பக்கத்து மாரேடுமில்லியில் எடுத்தவை. அது பச்சைப் பசேல் என்ற காடு. செம்மரம் நிற்கும் மலையோ கல்லும் முள்ளும் வறண்ட சரிவுமாக இருக்கும். போகட்டும், அது அழகுக்காகச் செய்தது.

கதையில் ஒரு கூலி படிப்படியாக ஏறிக் கடத்தலுக்கே தலைவனாகிறான். நான் பார்த்த கூலிகள் யாரும் ஏறவில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று சந்திரகிரிக்கு மேலே சேஷாசலக் காட்டில் இரண்டு இடங்களில் இருபது பேரை ஆந்திரக் காவல் துறையின் அதிரடிப்படை சுட்டுக் கொன்றது. இருபது பேரும் தமிழ்நாட்டுக்காரர்கள். ஜவ்வாது மலையிலிருந்தும் திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் பக்கத்திலிருந்தும் வந்தவர்கள். மரம் வெட்டியவர்கள் கல்லாலும் அரிவாளாலும் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது காவல் துறை. சிலரை முந்தின நாளே நகரிப் பக்கம் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று உயிர் தப்பியவர் ஒருவர் சொன்னார். நான் தினமும் போகும் சாலை அது. ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: அதற்கு முன் 2013 டிசம்பரில் இதே காட்டில் வனத்துறை அதிகாரிகள் இருவரை மரம் வெட்ட வந்த கும்பல் அடித்துக் கொன்றிருந்தது. அந்த இருவரையும்கூடத் திரையில் யாரும் நினைப்பதில்லை. கடத்தல்காரனைத் துரத்தும் அதிகாரி வேண்டுமென்றால் மொட்டைத் தலையும் முறைப்புமாக ஒரு வில்லன் வந்துவிடுகிறான்.

ஜவ்வாது மலையிலிருந்து ஒரு பெண் எங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தார். கணவர் செம்மர வழக்கில் உள்ளே. மேஸ்திரி வேலை என்று சொல்லிவிட்டுப் போனாராம். மஞ்சள் பையில் ரேஷன் அட்டை நகல், ஆதார் நகல், கோயில் திருவிழாவில் இருவரும் நின்று எடுத்துக்கொண்ட புகைப்படம். அந்தப் படத்தின் பின்பக்கம் பேனாவால் ஒரு கைப்பேசி எண். கூட்டிப்போன ஏஜெண்டின் எண். நான்கு முறை அழைத்தும் அணைத்துவைக்கப்பட்டிருந்தது. ஜாமீன் கிடைத்தாலும் உள்ளூரில் சொத்து உள்ள இருவர் பொறுப்பேற்க வேண்டும் என்றேன். இந்த ஊரில் எனக்கு உங்களைத்தானே அண்ணா தெரியும் என்றார். வக்காலத்துத் தாள் தெலுங்கில் இருந்தது. எங்கே கையெழுத்து என்று நான் விரலை வைத்த இடத்தில் போட்டார். குற்றம் என்பது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். சண்டைக் காட்சி வைக்க இடமே இருக்காது.

அதனால்தான் 'விசாரணை' (2015) எனக்குப் பிடித்தது. கோவையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார், தான் குண்டூர்ப் போலீஸிடம் சிக்கிப் பட்டதை 'லாக்கப்' என்று எழுதினார். வெற்றிமாறன் அதைப் படமாக்கினார். கேட்கும் கேள்வியே புரியாமல் அடி வாங்குவது எப்படியிருக்கும் என்று அதன் முதல் பாதி காட்டுகிறது. எல்லைப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது வெறும் படம் அல்ல. ஆனால் சென்னைக்கு வந்த பிறகு நடப்பதெல்லாம் அவர் கதை இல்லை, வேறிடத்திலிருந்து எடுத்து ஒட்டியது. படத்தில் அந்தப் பையன்களுக்குச் சாவு. நிஜத்தில் சந்திரகுமார் வெளியே வந்து புத்தகம் எழுதினார். படம் பார்த்த என் மைத்துனர் இன்றுவரை அவர் இறந்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்.

'ஜெய் பீம்' (2021) இன்னும் சிக்கலானது. 1993-ல் கடலூர்ப் பக்கம் நடந்த காவல் நிலையச் சாவு. உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டு வாதாடியவர் அப்போது வழக்கறிஞராக இருந்த சந்துரு. நல்ல படம், எத்தனையோ பேருக்கு அந்த மனு என்றால் என்னவென்று தெரியவைத்தது. ஆனால் பாதிக்கப்பட்ட குடும்பம் குறவர் சமூகம், படத்தில் இருளர். கொடுமைக்கார அதிகாரியின் வீட்டுக் காலண்டரில் வன்னியர் சமூகச் சின்னமான அக்கினிக் குண்டம் இருந்தது என்று பெரிய ரகளை ஆனது, காட்சியை மாற்றினார்கள். எங்கள் கதையை வேறொருவர் பெயரில் சொல்லிவிட்டீர்களே என்று கேட்ட குரல் அந்த இரைச்சலில் எடுபடவில்லை. இன்னொன்று: நிஜத்தில் போலீஸ்காரர்களுக்குத் தண்டனை கிடைக்க 2006 ஆகிவிட்டது. பதின்மூன்று வருட வாய்தாவைத் திரையில் காட்ட முடியாது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் வழக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு நடப்பவனுக்கு அது உறுத்தும்.

பகைவர்கள் உயிரோடு இருக்கும்போதே படம் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ராயலசீமாவைவிட நல்ல உதாரணம் கிடையாது. அனந்தபுரத்து அரசியல்வாதி பரிடால ரவி, கொல்லப்பட்ட தன் தந்தையின் கதையை 'ஸ்ரீராமுலய்யா' என்று படமாக்கினார். 1997 நவம்பரில் அதன் தொடக்க விழா நடந்த ஹைதராபாத் ஸ்டூடியோவுக்கு வெளியே கார் குண்டு வெடித்தது. ரவி தப்பினார், 26 பேர் இறந்தார்கள், செய்தி எடுக்க வந்த தொலைக்காட்சிக்காரர்களும் அதில் உண்டு. 2005-ல் ரவியும் கொல்லப்பட்டார். அந்தப் பகையை ராம் கோபால் வர்மா 'ரக்த சரித்ரா' என்று இரண்டு பாகமாக எடுத்தார். எதிர்த்தரப்பு மத்தெலசெருவு சூரியைப் போன்ற வேடத்தில் நம்முடைய சூர்யா. இரண்டாம் பாகம் வந்தது 2010 டிசம்பரில். அடுத்த மாதமே நிஜ சூரி ஹைதராபாத்தில் காருக்குள் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டது அவருடைய கூட்டாளியே. படத்தால் நடந்தது என்று சொல்ல மாட்டேன். கதை முடிந்தது என்று திரை போட்டவர்களுக்குக் கதை முடியவில்லை என்று தெரிந்திருக்க வேண்டும்.

தொலைக்காட்சி விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் என் கோபம் அதிகம் அங்கேதான். கேரளத்தில் கூடத்தாயி சயனைடு வழக்கு: ஒரே குடும்பத்தைச் சுற்றி 2002-லிருந்து 2016 வரை ஆறு சாவுகள். கைது நடந்தது 2019 அக்டோபரில். 2020 ஜனவரியிலேயே அது தொடராக ஓட ஆரம்பித்துவிட்டது; கேரள உயர் நீதிமன்றம் தலையிட்டுத் தற்காலிகத் தடை போட வேண்டியிருந்தது. சாட்சிக் கூண்டில் ஒருவரும் ஏறாத நேரம் அது.

அதில் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்களுக்கு நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்து வழக்கு ஒன்றை ஒரு சேனல் இரவு நிகழ்ச்சியில் நடித்துக் காட்டியது. மூலையில் எறும்பு அளவு எழுத்தில் 'சித்தரிக்கப்பட்டது' என்று இருந்தது. இரண்டு வருடம் கழித்து அரசுத் தரப்புச் சாட்சியான ஒரு பெரியவர் கூண்டில் ஏறினார். எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவன், சிவப்பு மோட்டார் சைக்கிளில் வந்தான் என்றார். போலீஸிடம் கொடுத்த வாக்குமூலத்தில் நடந்து வந்தான் என்றுதான் இருக்கிறது. குறுக்கு விசாரணை செய்த வக்கீல் சாந்தமாகக் கேட்டார்: ஐயா, டிவியில் இந்த வழக்கைப் பார்த்தீர்களா? பார்த்தேனே, நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம் என்றார் பெரியவர். பொய் சொல்ல அவருக்குத் தெரியாது. கண்ணால் கண்டதும் திரையில் கண்டதும் அவருக்குள் ஒன்றாகிவிட்டது, அவ்வளவுதான். சந்தேகத்தின் பலன் எதிரிக்குப் போனது. இறந்தவரின் தாய் வராந்தாவில் எல்லோரிடமும், ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டிருந்தார். யாரும் அவருக்குச் சிவப்பு மோட்டார் சைக்கிளைப் பற்றிச் சொல்லவில்லை.

சரிதானா என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு: சட்டப்படி பெரும்பாலும் சரி. ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் வெளியிடலாமா என்ற வழக்கில் 1994-ல் உச்ச நீதிமன்றம், பொது ஆவணத்தில் இருப்பதை வெளியிட யாருடைய சம்மதமும் வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டது. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவர்களின் அடையாளத்துக்கு மட்டும் விலக்கு. அதை வெளியிடுவது தனிக் குற்றமே. ஆகவே தயாரிப்பாளர் தீர்ப்பு நகலை வாங்கிக்கொண்டு படம் எடுக்கலாம், குடும்பத்தைக் கேட்க வேண்டாம், ஒரு ரூபாய் கொடுக்கவும் வேண்டாம். வீரப்பனின் மனைவி உச்ச நீதிமன்றம் வரை போனதால் 'வனயுத்தம்' தயாரிப்பாளர்கள் 25 லட்சம் கொடுக்க நேர்ந்தது. மஞ்சள் பையோடு வருபவர்கள் அவ்வளவு தூரம் போக மாட்டார்கள். என்னைக் கேட்டால், விசாரணை நீதிமன்றத்தில் சாட்சி முடியும்வரை நடித்துக் காட்டத் தடை வேண்டும். அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் எடுக்கட்டும், நானும் டிக்கெட் வாங்கிப் பார்ப்பேன்.

ஒரு படம் மனதைப் பிசைந்தால் அந்த வழக்கின் தீர்ப்பைத் தேடிப் பாருங்கள். உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் இந்தியன் கானூன் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், தருமபுரி மாவட்டத்துப் பழங்குடி ஊரான வாச்சாத்தியின் வழக்கில் தொடங்குங்கள். சந்தன மரம் தேடுகிறோம் என்று 1992 ஜூன் 20-ல் அந்த ஊருக்குள் நுழைந்து கொடுமை செய்த வனத்துறை, காவல், வருவாய்த் துறைக்காரர்களில் 215 பேர் குற்றவாளிகள் என்று 2011-ல் தீர்ப்பானது; சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023 செப்டம்பர் 29-ல், நீதிபதி நேரில் அந்த ஊருக்கே போய்ப் பார்த்துவந்த பிறகு. ஆங்கிலத்தில்தான் இருக்கும். மேல்முறையீட்டுக்காரர்களின் பெயர்ப் பட்டியல் பக்கம் பக்கமாகப் போகும், அதைத் தாண்டிவிடுங்கள். சாட்சிகள் பேசும் இடத்தில் மட்டும் நின்று நிதானமாகப் படியுங்கள்.