கனடா அலாரத்தை எங்கே மாட்டுவது?

கேள்வி: கனடாவில் இருக்கும் அண்ணா போன மாதம் வந்தபோது கார்பன் மொனொக்சைட் அலாரம் ஒன்று தந்துவிட்டுப் போனார். சுவர் பிளக்கில் நேரே செருகுகிற மாதிரி. எங்களுடையது பழைய கீழ்வீடு. இரண்டு அறை, ஹோல், பின்னால் குசினி. கரண்ட் போனால் குசினிக்குப் பின்னாலுள்ள நடையில் சின்ன ஜெனரேற்றர் போடுவோம். காஸ் சிலிண்டர் குசினியில்தானே, அலாரத்தை அடுப்புக்கு மேலே மாட்டுவோம் என்கிறார் கணவர். சரியா ஐயா?
– ஒரு வாசகி, வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, முதலில் அதை எந்தப் பிளக்கிலும் செருகிவிடாதீர்கள். பின்பக்க ஸ்டிக்கரைப் பாருங்கள். 120 வோல்ட் என்று மட்டும் போட்டிருந்தால் அது நம்முடைய 230 வோல்ட்டுக்கு ஆகாது. புறக்கோட்டை நடைபாதையில் வாங்கும் அடப்டர் முள்ளின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. இன்னொன்று, உங்கள் வீட்டில் ஜெனரேற்றர் ஓடுவதே கரண்ட் போன நேரத்தில். பிளக்கை மட்டும் நம்பியிருக்கிற அலாரம் அப்போது கண்ணை மூடிக்கொண்டிருக்கும். பற்றரியில் ஓடுகிற ஒன்றை வாங்குங்கள்.

கணவர் சொல்வது வேறொரு கருவிக்குப் பொருந்தும். 2021 கடைசியில் அடுப்பும் சிலிண்டரும் வெடித்த செய்திகள் நாளும் வந்தபோது பலர் காஸ் கசிவு அலாரம் வாங்கினார்கள். சமையல் காஸ் காற்றை விடப் பாரம், தரையோடு படரும். ஆகவே அந்த அலாரம் குசினியில், நிலத்திலிருந்து ஓர் அடிக்குள் இருக்கவேண்டும். கசிந்தால் மூக்குக்கும் தெரியும், வாசம் கலந்துதான் விற்கிறார்கள். கார்பன் மொனொக்சைட்டுக்கு வாசமும் இல்லை, நிறமும் இல்லை. எரிபொருள் சரியாக எரியாதபோது வரும் நச்சு வாயு அது, ஜெனரேற்றர் புகையிலும் இருக்கும். பாரமும் கிட்டத்தட்டக் காற்றளவுதான், வீடு முழுக்கக் கலந்து நிற்கும். அடுப்புக்கு மேலே மாட்டினால் தாளிக்கிற புகையும் ஆவியும் அலாரத்தைக் கெடுத்துவிடும். சும்மா சும்மா கத்தும், நீங்களும் பற்றரியைக் கழற்றி லாச்சிக்குள் போட்டுவிடுவீர்கள்.

அதன் இடம் நீங்கள் நித்திரை கொள்ளும் பக்கம். இரண்டு அறைக் கதவுகளும் திறக்கிற நடையில் ஒன்று. ஏசி போட்டுக் கதவைச் சாத்திப் படுப்பவர்கள் என்றால் அறைக்குள்ளும் ஒன்று, தலையணை உயரத்தில். திரைச்சீலைக்குப் பின்னாலோ, யன்னலோரமோ, மின்விசிறிக்குக் கீழோ, குளியலறை வாசலிலோ வேண்டாம். மற்றபடி பெட்டிக்குள் வரும் தாளில் சொல்லியிருக்கிற உயரத்தில் மாட்டுங்கள்.

அலாரத்தை விட எனக்கு உங்கள் ஜெனரேற்றர்தான் கவலை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அப்போது முப்பது வருஷம் வயர் இழுத்த நானே இந்தப் பிழையைச் செய்தேன். மழை படக்கூடாதென்று குசினிக்குப் பின்னால் தகரக் கூரைக்குக் கீழே வைத்தேன். மூன்று பக்கம் திறந்துதானே இருக்கிறது என்ற நினைப்பு. கதவைச் சாத்தியிருந்தேன். ஆனால் கதவுக்கு மேலே, பழைய வீடுகளில் இருக்குமே, காற்றுத் துவாரக் கற்கள், அவை வாயைத் திறந்துகொண்டிருந்தன. இரவு ஒன்பது மணிபோல மாமி தலையிடி என்றார். சித்தாலேப பூசிவிட்டோம். கொஞ்ச நேரத்தில் மகளுக்குச் சத்தி. ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு என்றதும்தான் எனக்கு உறைத்தது. ஜெனரேற்றரை நிறுத்தி, எல்லோரையும் முற்றத்தில் கொண்டுவந்து இருத்தினேன். மெல்ல மெல்லத் தெளிந்தார்கள். விடிந்து பார்த்தால் துவாரக் கற்களின் விளிம்பெல்லாம் கண்மை தீட்டின மாதிரிக் கரி.

அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகாமல் விட்டது என்னுடைய இரண்டாவது பிழை. உங்கள் அலாரம் கத்தினால், யன்னலைத் திறப்போமா என்று யோசித்துக்கொண்டு உள்ளே நிற்காதீர்கள். எல்லோரும் வெளியே. யாருக்காவது தலையிடியோ மயக்கமோ இருந்தால் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள்.

ஜெனரேற்றர் வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி, புகைக்குழாய் வீட்டுக்கு முதுகு காட்டி நிற்கவேண்டும். வெள்ளவத்தை ஒழுங்கைகளில் 20 அடிக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நியாயம்தான். அப்படியானால் ஜெனரேற்றரை விற்றுவிட்டு, இரண்டு லைட்டும் ஒரு ஃபேனும் ஓடக்கூடிய இன்வேட்டரும் பற்றரியும் வாங்குங்கள். பின் நடையில் ஜெனரேற்றரை ஓடவிட்டு அறையில் அலாரம் மாட்டுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மாட்டின பிறகு ஒன்று செய்யுங்கள். நீங்கள் ஏசி போட்டுக் கதவைச் சாத்திக் கட்டிலில் படுங்கள், கணவர் அறைகளுக்கு வெளியே அலாரம் மாட்டின நடையில் நின்று டெஸ்ட் பட்டனை அமத்தட்டும். காதைத் தீட்டினால்தான் கேட்கிறது என்றால் இடத்தை மாற்றுங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை ‘டிக்’ என்று தனியாகக் கேட்டால் பெரும்பாலும் பற்றரி முடிகிறது என்று அர்த்தம்.

அப்புறம், இந்த அலாரங்களின் சென்சர் ஐந்து முதல் பத்து வருஷம்தான் உழைக்கும். மாற்றவேண்டிய வருஷம் பின்னால் அச்சிட்டிருக்கும். அண்ணா கொண்டுவந்தது கடையில் வாங்கினதா, தன் வீட்டுச் சுவரிலிருந்து கழற்றினதா என்று அதையும் ஒருக்கால் பார்த்துக்கொள்ளுங்கள்.